முந்திரியும் முந்நூற்றிருபதும்

முந்திரி என்றால் இன்று பருப்பே நினைவுக்கு வரும். அம்மரமோ 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொணர்ந்தது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே தஞ்சைக் கல்வெட்டுகளில் முந்திரிகை என்னும் சொல் ஒரு பின்னத்தைக் குறித்து நிற்கிறது. ஒன்றை 320 கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறே முந்திரி.

நூறும் ஆயிரமும் இருக்க, 320 என்னும் எண் ஏன் வந்தது? விடை அவ்வெண்ணின் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

தமிழர் பின்னக் கணக்கு இரு வழிகளில் இறங்கியது. ஒன்று, பாதி பாதியாக வகுப்பது: அரை, கால், அரைக்கால், வீசம். வீசம் என்பது 1/16; அதற்கு மாகாணி என்றும் பெயர். மற்றொன்று, இருபதாக வகுப்பது: 1/20 என்பது மா. ஒரு வேலி நிலம் இருபது மா கொண்டது. 16ஆலும் 20ஆலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 80. ஆகவே இரு வழிகளும் கூடும் இடம் 1/80. அதுவே காணி. அதனைப் பாதியாக்கினால் அரைக்காணி. மீண்டும் பாதியாக்கினால் முந்திரி.

இதனால் விளைந்த நன்மை பெரிது. அரை 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, மா 16, காணி 4. பின்னங்கள் யாவும் முழு எண்களாகிவிடுகின்றன. மாவின் 16உம் காணியின் 4உம் சேர்ந்தால் 20, அதுவே மாகாணி. பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது! 320ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 14, நூறுக்கோ ஒன்பதே. எனினும் 320 மூன்றால் வகுபடாது. மூன்றில் ஒரு பங்கை முந்திரிக் கணக்கில் சரியாகச் சொல்ல இயலாது என்பது அதன் குறை.

முந்திரியினும் நுண்ணிய அளவு வேண்டியபோது, அதனையே மீண்டும் 320 கூறிட்டுக் கீழ்முந்திரி என்றனர். இது 1,02,400இல் ஒரு பங்கு. முதலாம் இராசராசன் காலத்தில் வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டதைக் கல்வெட்டறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். 320இன் நான்காம் படியை ஐந்தால் பெருக்கினால் இவ்வெண் வரும். அப்பங்கு நெல்மணியினும் சிறியது; எந்தக் கோலாலும் அளக்க முடியாதது. கூட்டியும் கழித்தும் வந்த கணக்கில் எஞ்சிய மிச்சத்தையும் விடாது எழுதிய நேர்மையே அதில் புலப்படுகிறது.

இக்கணக்கைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியாக மனப்பாடம் செய்தனர். புதிய பாடமுறை வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது. பதினாறு அணா கொண்ட ரூபாயும் 1957இல் நூறு காசாக மாறியது. 2019இல் முந்திரிக்கும் காணிக்கும் உரிய குறிகள் ஒருங்குறியில் இடம்பெற்றன. எழுத்து கணினிக்கு வந்துவிட்டது. கணக்கு வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும். மாகாணி என்னும் ஒரு சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் மாணவன், மொழியையும் கணக்கையும் ஒருசேரக் கற்றவனாவான்.