ஓமந்தைக்குப் பிறகு

2002 போர்நிறுத்தத்தோட ஏ9 வீதி திறந்தது. ஆனாலும் ஓமந்தையில் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டினால்தான் வன்னிக்குப் போய்வரலாம். "பாக்கிறவன்ட முகமாவது தெரிஞ்சது" என்பா அம்மா.

இண்டைக்குக் கிளிநொச்சிக் கடைகளில் ஐபி கமரா. 1996இல் சுவீடனின் அக்சிஸ் நிறுவனம் முதன்முதலில் விற்ற சாதனம். வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் மறிக்கும். அதனால் கமராவே வெளியே போய், கிளவுட் சேர்வரில் தன்னைப் பதிந்து, காட்சியை ஒப்படைக்குது. சாவடிக்கு நாங்கள் போன மாதிரித்தான்.

கள்ளரைப் பிடிக்க உதவும், உண்மை. ஆனால் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடும் தாய்மார் அந்த வீதியால் நடந்தால், அவையின்ர முகங்களும் அதே சேர்வருக்குத்தான் போகும்.

கமரா பூட்ட வாறவரிட்டக் கேளுங்கோ: பதிவு எங்க சேருது? ஆருக்குத் திறக்கும்?