காசுக்கணக்கில் சோறு: கல்கத்தாவின் பைஸ் ஹோட்டல்கள்

ஒரு மாநகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டைகளையும் மாளிகைகளையும் எண்ணிக் கூறுவர். அங்கே உழைக்க வந்தோர்க்குச் சோறு வடித்தவர் யார் என்று வினவுவோர் அரியர். கல்கத்தாவில் அவ்வினாவுக்கு விடை, 'பைஸ் ஹோட்டல்' என்னும் எளிய உணவகத்தின் அடுக்களையில் இருக்கிறது.

1911ஆம் ஆண்டுவரை இந்தியாவின் தலைநகராக விளங்கிய இந்நகரின் அலுவலகங்களும் சணல் ஆலைகளும் கல்லூரிகளும், குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆடவர் பல்லாயிரவரை ஈர்த்தன. ரூபாய்க்கு 64 பைசா என்ற பழைய நாணயக் கணக்கு வழங்கிய காலம் அது. அவர்களுக்கென எழுந்த உணவகங்களில் சோறு, பருப்பு, கீரை, மீன் குழம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனி விலை உண்டு. கையிலுள்ள காசுக்குத் தக்கவாறு வறியவரும் மானம் குன்றாது உண்டெழ இம்முறை வழிசெய்தது.

உண்பவர்க்கு எளிதாயிருந்த இது சமைப்பவர்க்கு எளிதன்று. எல்லோர்க்கும் ஒரே சாப்பாடு என்றால் இத்தனை இலை, இத்தனை படி அரிசி என்று கணக்கிட்டுவிடலாம். இங்கோ யார் எதைக் கேட்பார் என்பது தெரியாது. அன்றைய சந்தையில் கிடைத்த மீனையும் காயையும் கொண்டு, பல பண்டங்களைச் சிறுசிறு அளவில், அலுவலக நேரத்துக்கு முன்பே ஆக்கி முடிக்கவேண்டும். குறைந்தால் வந்தவர் பசியோடு திரும்புவார். மிஞ்சினால் குளிர்பெட்டி இல்லாத அக்காலத்தில் முதலாளிக்கு நட்டம். பரிசாரகர் ஒவ்வோர் இலைக்கும் உரிய கணக்கை மனத்திலேயே கூட்டி உரக்கச் சொல்வார். அடுப்படியில் நிற்பவரும் அதே வேகத்துக்கு ஈடுகொடுக்கவேண்டும்.

இத்தொழிலுக்கு வந்தோரில் ஒரியா அந்தணர் பலர். சாதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்த அந்நாளில் அந்தணர் சமைத்ததை எவரும் உண்ணலாம் என்பதே அதன் காரணம். சமையற்காரரை வங்காளிகள் 'தாகுர்' என்று அழைத்தனர். கடவுளுக்கும் வழங்கும் சொல் அது. ஆயினும் அப்படி அழைத்தவர்களுள் அவருடைய இயற்பெயரை அறிந்தவர் சிலரே. கல்லூரித் தெருவை அடுத்த பவானி தத்தா சந்தில் ஒரியர் ஒருவர் நிறுவிய இந்து ஹோட்டல், 1947இல் விடுதலை வந்தபின் 'சுவாதீன் பாரத்' என்ற அடைமொழியைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

1943ஆம் ஆண்டின் பஞ்சத்தில் வங்காளத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டனர். கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தோர் வீட்டு வாயில்களில் நின்று கேட்டது சோறு அன்று. சோறு வடித்த கஞ்சி. சமையற்காரர் சாக்கடையில் கொட்டி வந்த நீர், அவ்வாண்டில் உயிரின் விலை பெற்றது. ஒரு பானை உலையின் மதிப்பை இந்நகரம் அறிந்த நாள்கள் அவை.

பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1940இல், விபூதிபூஷண் பந்தோபாத்யாய 'ஆதர்ச இந்து ஹோட்டல்' என்ற நாவலை வெளியிட்டார். இராணாகாட் இரயிலடியில் ஏச்சும் பேச்சும் கேட்டு உழைக்கும் ஹாஜாரி தாகுர் என்ற சமையற்காரரே அதன் தலைவர். சொந்தமாக ஓர் ஹோட்டல் வைத்துப் பிறருக்கு நல்ல உணவு நேர்மையாக இடவேண்டும் என்பது அவருடைய கனவு. நகரம் பெயர் கேளாது விட்டவருக்கு இலக்கியம் பெயர் சூட்டியது.

1957 ஏப்ரல் முதல் நாளன்று தசம நாணயம் வந்தது; பழைய பைசா மறைந்தது. எனினும் 'பைஸ் ஹோட்டல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஒரிசாவின் கடற்கரை வழியே ஹௌராவையும் சென்னையையும் இணைத்த இருப்புப்பாதை 1900ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. தாகுரைக் கொணர்ந்த அதே பாதையே தமிழ்க் கணக்கரையும் சுருக்கெழுத்தாளரையும் கொணர்ந்தது. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் நம்மவர்க்கு இட்டலியும் தோசையும் வார்த்தளித்தவர்களும் ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களே. பிற மாநிலங்களில் வாழும் நம் குடியேற்றத்தின் வரலாறு எழுதப்படும்போது, சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஏடுகள் ஒதுக்குவோம். அந்த அடுப்படிகளுக்கும் ஓர் ஏட்டை ஒதுக்குவது நம் கடமையாகும்.