மே மாதப் பூவுக்குத் தை மாதக் கத்தரி



ஊட்டி மலர்க் கண்காட்சிப் படங்களை மே மாதத்தில் எல்லோரும் பகிர்வீர்கள். அந்தப் பூவுக்கான வேலை தை, மாசிப் பனியிலேயே தொடங்கிவிடுகிறது. அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1840களில் ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குக் காய்கறிதான் முதல் கவலை. சந்தா கட்டி ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். அது நிலைக்கவில்லை. 1848இல் லண்டன் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் வந்தார். தொட்டபெட்டா சரிவில், மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த நிலம் தாவரவியல் பூங்காவாக மாறியது.

பிறகு சென்னை அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம்பெயரத் தொடங்கியது. கவர்னர், அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள் எல்லாம் வெயில் காலத்தில் மலையில்தான். பூவைப் பார்க்க ஆள் இருந்ததும் அப்போதுதான். 1896இல் முதல் மலர்க் கண்காட்சி நடந்தது. தோட்டக்காரரின் நாட்காட்டியும் அந்தக் கோடையை வைத்தே அமைந்தது. ஆட்சி போய்விட்டது, நாட்காட்டி மட்டும் நம் பள்ளி விடுமுறையோடு ஒட்டிக்கொண்டது. கண்காட்சியின் நூற்றாண்டையொட்டி 1995இல் அமைந்த ரோஜாப் பூங்காவுக்கும் அதே கணக்குத்தான்.

கணக்கு இதுதான்: உறைபனியில் செடி வளர்ச்சி குறைந்து அடங்கியிருக்கும். அப்போது காய்ந்த கிளை, நோய்க் கிளை, குறுக்கே ஓடும் கிளைகளைக் கழித்து, நல்ல கிளையை ஒரு மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுவார்கள். நுனி போனதும் கீழே உறங்கிய மொட்டுகள் விழிக்கும். வெயில் ஏறும்போது புதுக் கிளையில் பூ வரும். இதற்குக் 'கவாத்து' என்று பெயர். போலீஸ் அணிவகுப்புப் பயிற்சிக்கும் அதே சொல்தான். இன்னொரு பக்கம் பூ நாற்றுக்கு விதை தூவி, பாத்தி கொத்தி எருப்போட்டு, நாற்றுகள் உறைபனியில் கருகாமல் மூடிக் காக்க வேண்டும்.

மெக்ஐவர் பெயர் நமக்குத் தெரியும். அன்று சதுப்பை வெட்டிச் சமன்செய்தவர்கள் பெயர் தெரியாது. இன்று விறைத்த விரலோடு கத்தரி பிடிப்பவர்கள் பெயரையும் நாம் கேட்பதில்லை.

இந்த மே மாதம் பிள்ளைகளோடு போகிறவர்கள், ரோஜாவோடு படம் எடுத்த பிறகு குனிந்து அடிக்கிளையைக் காட்டுங்கள். சாய்வான வெட்டு வாய் தெரியும். பக்கத்தில் தோட்டப் பணியாளர் இருந்தால், எந்த வாரம் வெட்டினீர்கள் என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். பெயரையும் கேட்கட்டும்.