வால்வு இடைவெளி

வால்வு இடைவெளி என்பது, நான்கு வீச்சுப் பொறியில் வால்வு முழுமையாக மூடியிருக்கும் நிலையில், வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் உறுப்புக்கும் இடையே விடப்படும் சிறு வெளி ஆகும். பட்டறைகளில் இது டேப்பட் இடைவெளி எனவும், அதைச் சரிசெய்வது டேப்பட் செட்டிங் எனவும் வழங்கப்படுகிறது. பழைய மோட்டார் சைக்கிள் பொறி ஒன்றைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது முன்பிருந்த அளவு செல்லாததாகிவிடும். அதைப் புதிதாக அமைக்க வேண்டும்.

தேவை

உலோகம் சூடேறினால் நீளும். 100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பநிலை 100 பாகை செல்சியசு உயர்ந்தால், அது ஏறத்தாழ 0.12 மி.மீ. நீள்கிறது. குளிர்ந்த நிலையில் போதிய இடம் விடப்படாவிட்டால், நீண்ட தண்டு ராக்கரில் முட்டி, வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. சிறிய மேற்கேம் பொறிகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கும். வெளியேற்று வால்வு கூடுதலாகச் சூடேறுவதால், பல பொறிகளில் அதற்குச் சற்று அதிக இடைவெளி தரப்படுகிறது.

ஓசையும் தீங்கும்

இடைவெளி மிகுந்தால் 'டிக் டிக்' என்ற ஓசை கேட்கும். வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாகவே மூடும். ஆற்றலும் சற்றுக் குறையும். இடைவெளி குறைந்தாலோ ஓசை எதுவும் எழாது. ஆயினும் தீங்கு இதிலேயே பெரிது. வெளியேற்று வால்வு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை இருக்கையைத் தொட்டிருக்கும் நேரத்திலேயே சிலிண்டர் தலைக்குக் கடத்துகிறது. பொறி நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் அது சரியாக அமராமல் போனால், எரிவளி விளிம்பின் வழியே கசிந்து வால்வையும் இருக்கையையும் கருக்கிவிடும். ஓசையை அடக்குவதற்காக இடைவெளியை இறுக்குவது ஒரு பரவலான தவறு.

புதுப்பித்த பொறியில்

வால்வும் இருக்கையும் தேய்த்துச் செப்பனிடப்படும்போது வால்வு தலைக்குள் சற்று ஆழமாக அமர்கிறது. தண்டின் முனை அந்த அளவுக்கு ராக்கரை நோக்கி உயர்வதால் இடைவெளி குறைகிறது. ஓடும் பொறியில் இருக்கை தேய்வதன் விளைவும் இதுவே. மறுபுறம் கேம், டேப்பட், ராக்கர் ஆகியவற்றின் தேய்மானம் இடைவெளியைக் கூட்டுகிறது. தள்ளுதண்டுப் பொறிகளில் இன்னொன்றும் உண்டு. புதிய தலை கேஸ்கெட் முதல் ஓட்டங்களில் நசுங்குவதால் தலையும் அதனுடன் ராக்கரும் கீழிறங்கும். ஆகவே தலைப் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிய பின்னர் இடைவெளியை மீண்டும் பார்ப்பது இன்றியமையாதது.

புல்லட் பொறி

1955 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்ட என்ஃபீல்டு புல்லட்டின் வார்ப்பிரும்பு சிலிண்டர் பொறி இவ்விடயத்தில் தனித்தன்மை உடையது. இதற்குக் குளிர்ந்த நிலையில் இரு வால்வுகளுக்கும் இடைவெளி சுழியம் எனக் கூறப்படுகிறது. முன் சொன்ன விதிக்கு இது முரணாகத் தோன்றலாம். இப்பொறியின் கேம்கள் கீழே உள்ளன. அவற்றின் அசைவை நீண்ட தள்ளுதண்டுகள் ராக்கருக்குக் கொண்டு செல்கின்றன. எரிதலின் வெப்பத்தை நேரடியாகப் பெறும் சிலிண்டரும் தலையும் தள்ளுதண்டுகளைவிட மிகுதியாக நீள்கின்றன. அதனால் ராக்கர் உயர்ந்து, பொறி சூடேறச் சூடேற இடைவெளி தானே உண்டாகிறது.

இங்கு ஃபீலர் கேஜுக்கு வேலையில்லை, விரல்களே அளவுகோல். தள்ளுதண்டு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடான பொறியில் இவ்வாறு அமைத்தால், அது ஆறியதும் தண்டு இறுகி வால்வைத் திறந்தே வைத்திருக்கும். அழுத்தம் கிடைக்காமல் மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது.

சரிசெய்யும் முறை

பொறி ஓர் இரவாவது ஆறியிருக்க வேண்டும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மேல் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றலாம். உள்ளிழு வால்வு திறந்து மூடிய பின்பு பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையே அழுத்த வீச்சின் முடிவு. இரு வால்வுகளும் அப்போது மூடியிருக்கும். பிஸ்டன் வெளியேற்று வீச்சின் முடிவிலும் உச்சியை அடையும். அப்போது இரு வால்வுகளும் சிறிது திறந்திருப்பதால், அங்கு அமைக்கும் அளவு முற்றிலும் பிழையாகும்.

சிலிண்டரின் வலப்புற அடியிலுள்ள சிறு மூடியைத் திறந்தால் தள்ளுதண்டுகளின் அடிமுனையும் திருகுகளும் தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சுழற்றி அளவை அமைத்து, மீண்டும் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது திருகும் சற்றுத் திரும்பிவிடுவது வழக்கம். எனவே இறுக்கிய பிறகு தண்டைச் சுழற்றிப் பார்த்து, பொறியை இருமுறை முழுமையாகச் சுற்றி, அதே நிலையில் மறுபடியும் சோதிப்பர்.

2009-இல் இந்தியாவில் வெளிவந்த கிளாசிக் 350, 500 வண்டிகளின் பொறியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட்டுகள் இடம்பெற்றன. அவை இடைவெளியைத் தாமே ஈடுசெய்வதால் அப்பொறிகளில் இச்சீரமைப்புத் தேவைப்படுவதில்லை.