முலாம் தொட்டியும் மின்கலமும்: மின்முனைப் பரப்பாய்வுக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்திலிருந்து ஒரு வாதம்

காரக் கரைசலில் கரைந்திருக்கும் துத்தநாகம் இரும்புப் பிராக்கெட் ஒன்றின் மேல் உலோகமாகப் படிவதும், துத்தநாக மின்கலம் மின்னேற்றம் பெறுவதும் வேதியியலில் ஒரே வினை. இரண்டிலும் சிங்கேட் அயனி இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்று உலோகமாகிறது; நான்கு ஹைட்ராக்சைடு அயனிகள் கரைசலுக்குத் திரும்புகின்றன. முதல் வினை பிளேட்டிங் பட்டறையில் அன்றாடப் பிழைப்பு. இரண்டாவது, ஆற்றல் சேமிப்பு ஆய்வின் முன்வரிசைச் சிக்கல்களில் ஒன்று. பட்டறை சேர்த்து வைத்திருக்கும் அறிவைப் பரப்பு ஆய்வு தன் தரவாக ஏற்க வேண்டும், தன் சோதனைகளின் கடுமையைப் பட்டறையின் அளவுக்காவது உயர்த்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நான் பேசும் பட்டறைகள் உள்ள மண்ணூர்பேட்டை, பாடிக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் இடையில் எம்.டி.எச். சாலையை ஒட்டிய பகுதி. 1960களில் தொழிற்பேட்டை உருவாவதற்கு முன்பே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துவிட்டது, 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்தது. கைப்பிடிக்கு நிக்கல்-குரோம், போல்ட்டுக்குத் துத்தநாகம், மின் தொடர்புகளுக்கு வெள்ளீயம் என்று வாகனத் தொழில் கேட்ட பூச்சுகளை ஜாப் ஒர்க்காகச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் இந்த வட்டாரமெங்கும் பெருகின. ரெக்டிஃபையர், பிக்ளிங் தொட்டி, பாத், பாசிவேஷன், உலர்த்தி: இவ்வளவுதான் ஒரு பட்டறை. மின்வேதியியல் பாடநூலில் மின்முனை இயக்கவியல் என்று வரும் அத்தியாயத்தின் பெரும்பகுதி இந்தத் தொட்டிகளில் தினமும் நடக்கிறது.

சில எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சயனைடு இல்லாத காரத் துத்தநாக பாத்தில், ராக்கில் மாட்டிய பொருளுக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் என்பது வழக்கமான மின்னோட்டம்; அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர். கேட்கப்படும் பூச்சுத் தடிமன் 10 மைக்ரான் என்று கொள்வோம். துத்தநாகத்தின் மின்கொள்ளளவு கிராமுக்கு 820 மில்லி ஆம்பியர்-மணி, அடர்த்தி 7.14. ஆகவே 10 மைக்ரான் படிவு என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5.9 மில்லி ஆம்பியர்-மணி மின்னேற்றம். மின்திறன் 70 சதவீதம் என்று வைத்தால் 25 நிமிடத்தில் வேலை முடியும். வெளிவரும் பொருள் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்துவிடும்.

இப்போது ஆய்வகம். மறுமின்னேற்றத் துத்தநாக மின்முனை பற்றிய கட்டுரைகளில் மிக அடிக்கடி காணும் சோதனை நிலை, சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் 1 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும். இது 1.7 மைக்ரான் படிவு. பட்டறை தன் பொருளின் மேல் படியவிடும் உலோகத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்; வேகமோ இருபதில் ஒரு பங்கு. சோதிக்கப்படும் துத்தநாகத் தகடு 100 மைக்ரான் தடிமன் என்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் அதில் 1.7 சதவீதமே வேலை செய்கிறது; மீதி கையிருப்பாக நிற்கிறது. ஆயிரக்கணக்கான சுழற்சிகள் தாங்கியது என்ற அறிவிப்பை இந்தக் கையிருப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நடைமுறை மின்கலத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குப் பல பத்து மில்லி ஆம்பியர்-மணி தேவை. டென்ட்ரைட்டை, அதாவது மின்முனையில் கிளைவிட்டு முளைக்கும் உலோக ஊசிகளை, அடக்கிவிட்டோம் என்ற கூற்று, பிராக்கெட்டுக்குப் பூச்சுப் போடும் பட்டறையின் அன்றாட நிலையைவிட மென்மையான நிலையில் நிறுவப்படுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

டென்ட்ரைட் ஏன் முளைக்கிறது என்பது புதிர் ஏதுமில்லை. பரப்பில் தற்செயலாக எழும் ஒரு மேடு, சுற்றியுள்ள தளத்தைவிடக் கரைசலுக்குள் சற்று முன்னால் நிற்கிறது. அதன் நுனிக்கு அயனிகள் எல்லாப் பக்கமிருந்தும் வருகின்றன. தளத்துக்கு எதிரிலிருந்து மட்டும். அயனிப் பரவல் வினையைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு மின்னோட்டம் உயர்ந்ததும், நுனி தன் சுற்றத்தை முந்துகிறது. பார்ட்டனும் பாக்ரிஸும் 1962-இல் வெள்ளிக்கு இதைக் கணித முறையில் வகுத்தார்கள். டிக்கிள், டெஸ்பிச், பாக்ரிஸ் மூவரும் 1969-இல் காரக் கரைசலின் துத்தநாகத்துக்கே அதை நிறுவி, ஒரு குறிப்பிட்ட மிகைமின்னழுத்தத்தைத் தாண்டினால்தான் டென்ட்ரைட் தொடங்கும் என்று காட்டினார்கள். பிளேட்டிங்காரர் இதே நிகழ்வை மின்னோட்டம் கூடிய மூலைகளில் ‘பர்னிங்’ ஆகப் பார்க்கிறார். அதற்கு அவர் கையாளும் மருந்து லெவலர், பிரைட்னர் எனும் கரிமச் சேர்மங்கள். அவை மேடுகளில் அதிகமாக ஒட்டிக்கொண்டு அங்கே படிவை மந்தப்படுத்துகின்றன, பள்ளங்கள் நிரம்புகின்றன. மின்கல மின்பகுளியில் இன்று சேர்க்கப்படும் பல கூட்டுப்பொருள்கள் செய்வதும் இதைத்தான். பட்டறை பாத்தில் துத்தநாகம் லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம்தான் இருக்கும். மின்கலக் கரைசலில் அது பல மடங்கு. அயனிப் பஞ்சத்தில் இருந்துகொண்டே பட்டறை வழவழப்பான படிவை எடுக்கிறது என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். அது வலுவான தடையும்கூட. பிளேட்டிங் ஒருவழிப் பயணம். படிந்த உலோகம் மறுபடி கரைய வேண்டியதில்லை. மின்கலத்தில் அது நூற்றுக்கணக்கான முறை கரைந்து படிய வேண்டும். ஒவ்வொரு முறையும் துத்தநாகம் சற்று இடம் மாறி, மின்முனையின் வடிவமே குலைகிறது. பட்டறையில் இந்த வடிவக் குலைவு எழுவதேயில்லை. பிரைட்னரின் ஒரு பகுதி படிவுக்குள் சிக்கி, அடுத்த சுழற்சியில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் போகிறது. சேர்மம் தீர்ந்தால் பட்டறையில் ஊற்றிக்கொள்ளலாம். மூடிய மின்கலத்தில் முடியாது. 2017-இல் பார்க்கர், ரோலிசன், லாங் முதலானோர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட நுண்துளைத் துத்தநாக மின்முனை, கூட்டுப்பொருளை நம்பாமல் உட்பரப்பைப் பெருக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைக் குறைத்ததன் காரணம் இதுவே. ஆகவே பட்டறையின் சூத்திரத்தை அப்படியே மின்கலத்துக்குள் ஊற்றச் சொல்லவில்லை. ஒரேயொரு முறை படியும்போதே பட்டறையின் மின்னோட்டத்தைத் தாங்காத மின்பகுளி, ஆயிரம் முறை தாங்கும் என்று நம்ப இடமில்லை என்பதே நான் சொல்வது. பட்டறை அளவுகோல் போதுமான நிபந்தனை ஆகாது. தேவையான நிபந்தனை ஆகும்.

பரப்பளவு பற்றிய கவனத்தையும் பட்டறையிடமிருந்து பெறலாம். அங்கே பரப்பு என்பது விலை. ஒரு ஜாபின் பரப்பைக் கணக்கிட்டுத்தான் ரெக்டிஃபையரில் ஆம்பியர் வைக்கிறார்கள். மரையுள்ள போல்ட்டை மொழுமொழு உருளையாகக் கணக்கிட்டால் பூச்சு மெலிந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகளிலோ மின்னோட்டத்தைத் தோற்றப் பரப்பால் வகுத்து, வரும் எண்ணை வினையூக்கியின் திறமையாக முன்வைக்கும் வழக்கம் நீடிக்கிறது. காரக் கரைசலில் நிக்கலின் மேல் ஹைட்ரஜன் வெளிவரும்போது டாஃபெல் சரிவு, மின்னோட்டம் பத்து மடங்காவதற்கு ஏறத்தாழ 120 மில்லி வோல்ட். பரப்பைச் சொரசொரப்பாக்கி உண்மைப் பரப்பை நூறு மடங்காக்கினால், தோற்றப் பரப்பின் கணக்கில் 240 மில்லி வோல்ட் மிகைமின்னழுத்தம் குறையும். வினையூக்கத்தில் புதிதாக ஏதும் நடந்திருக்காது. இது பயனுள்ள முன்னேற்றம்தான். எதனால் வந்த முன்னேற்றம் என்று பெயர் சொல்லப்பட வேண்டும்.

மாசு பற்றிய எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. நிக்கல் பாத்தில் இரும்பு கலந்தால் படிவில் புள்ளிக் குழிகள் விழும், பூச்சு நொறுங்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, அமிலத்தன்மையைக் குறைத்து, இரும்பை ஹைட்ராக்சைடாக வடித்தெடுப்பது பட்டறையின் பழைய வைத்தியம். செம்பு கலந்திருந்தால் குறைந்த மின்னோட்டத்தில் டம்மித் தகடு மாட்டி இழுத்துவிடுவார்கள். ஆக்சிஜன் வெளியேற்ற ஆய்வில் இதே இரும்பு நெடுங்காலம் மறைந்திருந்து வேலை பார்த்தது. நிக்கல் ஆக்சைடு மின்முனையின் வினைத்திறனைக் கரைசலிலுள்ள மிகச் சிறு அளவு இரும்பே உயர்த்துகிறது என்று கோரிகன் 1987-இல் காட்டினார்; காரத்தை இரும்பு நீக்கிச் சுத்திகரித்தால் நிக்கலின் திறன் பெரிதும் சரிகிறது என்பதை 2014-இல் பாட்சரின் குழு உறுதிசெய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிக்கலுக்குச் சேர்ந்த புகழில் எவ்வளவு இரும்புக்கு உரியது என்று பிரித்தறிவது கடினம். பிளாட்டினத்தை எதிர்முனையாக வைத்து ஹைட்ரஜன் வினையூக்கியைச் சோதிக்கும்போது, பிளாட்டினம் கரைந்து சோதனை மின்முனை மேல் போய்ப் படியும் கோளாறும் இவ்வகையே. அது வேண்டாமல் நடந்த பிளேட்டிங்.

முலாமும் மின்கலமும் தமிழ்நாட்டில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகப் பூச்சையும் மின்கலத்தையும் அரிமானத்தையும் ஒருசேரத் தன் பொருளாகக் கொண்டது. அதன் இயக்குநராக இருந்த கே.எஸ்.ஜி. டாஸ், அகர்வாலுடன் சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் கண்ட ரிடாக்சோகைனெட்டிக் விளைவு, மின்முனைப் பரப்பில் எலக்ட்ரான் மாறும் வேகத்தை மாறுமின்னோட்டத்தால் அளக்க ஒரு வழியைத் திறந்தது. அந்தப் பரம்பரையில் அடிப்படைக் கோட்பாடும் பட்டறையும் எதிரெதிர்த் துறைகளாக இருக்கவில்லை. கட்டுரை எண்ணிக்கையால் ஆய்வை அளக்கும் காலம் வந்த பிறகே பூச்சு ‘பழைய தொழில்நுட்பம்’ ஆகவும், மின்கலம் ‘முன்னணி ஆய்வு’ ஆகவும் தள்ளிவைக்கப்பட்டன என்பது என் கணிப்பு.

மறுபடி நெருங்குவதற்கான காலம் இது. ஸ்டார்ட்டர் மோட்டார் செய்த அதே பாடி லூகாஸ் டி.வி.எஸ்., அமெரிக்காவின் 24எம் நிறுவனத்தின் லித்தியம் மின்கலத் தொழில்நுட்ப உரிமம் பெறுவதை 2021-இல் அறிவித்தது. இந்த வட்டாரத்தின் பட்டறைகளுக்கு வேலை கொடுத்த எஞ்சின் உறுப்புகள் மின்வாகனத்தில் குறையும். அந்தக் கைகளின் திறமை வேறெங்கே பொருந்தும் என்ற கேள்வி தள்ளிப்போட முடியாதது.

உடனே தொடங்கக்கூடிய ஒரு வழி ஹல் செல். சரிவான ஒரு பக்கம் கொண்ட 267 மில்லி லிட்டர் தொட்டி. எதிர்மின்முனைத் தகடு சாய்ந்து நிற்பதால் ஒரே தகட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மின்னோட்ட அடர்த்தி பலமடங்கு மாறுகிறது. பத்து நிமிடத்தில் எங்கே பளபளப்பு, எங்கே மங்கல், எங்கே கருகல் என்று தகட்டைப் படித்துவிடலாம். புதிய துத்தநாக மின்பகுளி ஒவ்வொன்றையும் நாணய மின்கலத்தில் அடைத்து மாதக்கணக்கில் சுழற்றுவதற்கு முன், ஹல் செல்லில் ஓட்டித் தகட்டின் படத்தைக் கட்டுரையில் சேர்க்கலாம். செலவு சொற்பம். தகட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் அம்பத்தூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வுத் திட்டத்தில் ஊதியமும், கட்டுரையில் பெயரும் உண்டு என்று வகுக்க வேண்டும். அந்த அறிவு அமிலப் புகையிலும் குரோமிய நீரிலும் நின்று பெற்றது.

நிக்கலில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகும். 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்த பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காக வைத்திருக்கிறது. கார நீர்ப்பகுப்பிகளில் மின்முனை பெரும்பாலும் நிக்கல், அல்லது நிக்கல் பூசிய எஃகு. வாட்ஸ் 1916-இல் வகுத்த சல்பேட்-குளோரைடு-போரிக் அமில பாத் இன்றும் எஸ்டேட்டில் ஓடுகிறது. அங்கே மின்னோட்டம் கூடிக் கருகி, சொரசொரப்பாகிக் கழிவாக ஒதுக்கப்படும் நிக்கல் படிவு, நீர்ப்பகுப்பியின் கண்ணில் உண்மைப் பரப்பு கூடிய மின்முனை. அது குமிழிகளின் உந்தலில் உதிராமல் ஒட்டி நிற்குமா என்பதுதான் கேள்வி. ஒட்டுதலைச் சோதிக்க வளைத்துப் பார்ப்பது, சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்துவது ஆகியவை பட்டறை வழக்கத்தில் உண்டு. மின்முனை பற்றிய கட்டுரைகளில் இவை அரிது. கருகிய படிவு எந்த மின்னோட்டத்தில், எந்தத் தடிமனில் ஒட்டுதலை இழக்கிறது என்று அட்டவணையிட்டு, ஒவ்வொரு மாதிரியின் உண்மைப் பரப்பையும் ஹைட்ரஜன் மிகைமின்னழுத்தத்தையும் அதே அட்டவணையில் பதிவது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதுமான வேலை. அதன் மாதிரிகள் எஸ்டேட்டின் கழிவுக் குவியலில் ஏற்கெனவே கிடக்கின்றன.