கம்பியும் கட்டணமும்

முன்பு எண்ணெயை நாழியால் அளந்தோம். துணியை முழத்தால் அளந்தோம். வீட்டுக்கு வரும் இணையத்தை எதனால் அளப்பது? 2011ஆம் ஆண்டில் கனடா நாட்டையே கலக்கிய கேள்வி இது.

அந்நாட்டின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் வீடுகளுக்குச் செல்லும் தொலைபேசிக் கம்பிகளில் பெரும்பாலானவை பெல் நிறுவனத்தின் உடைமை. தெருத்தெருவாக இன்னொருவர் மறுபடியும் கம்பி இழுப்பது எளிதில் ஆகிற காரியமன்று. ஆதலால் சிறு நிறுவனங்களுக்கும் அதனை வாடகைக்கு விடவேண்டும் என்பது விதி. அவ்வாறு வாடகைக்கு எடுத்தவற்றுள் டெக்சவி என்பது ஒன்று. மாதம் 200 கிகாபைட் வரை அது தன் வாடிக்கைக்காரர்களுக்குத் தாராளமாக அளித்து வந்தது. பெல்லின் சொந்த வாடிக்கைக்காரர்களுக்கோ அளவு சுருக்கம். மிஞ்சினால் தனிக் கட்டணம்.

1968இல் தோன்றிய ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று கனடாவின் வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆகியவற்றைக் கண்காணித்து வருகிறது. 25-1-2011 அன்று அது ஒரு தீர்ப்பு வழங்கிற்று. பெல் தன் வாடிக்கைக்காரர்களிடம் வசூலிப்பது போலவே, 15 சதவீதம் மட்டும் தள்ளுபடி செய்து, சிறு நிறுவனங்களிடமும் பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் பெறலாம் என்பது அதன் சாரம். உடனே டெக்சவி, மார்ச் முதல் ஒன்டாரியோவில் தன் 200 கிகாபைட் 25 ஆகக் குறையும் என்று அறிவித்தது. தெளிவான திரைப்படங்களைப் பத்துப் பதினைந்து மணி நேரம் கண்டால் தீர்ந்துபோகும் அளவு அது!

பெல்லின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஒரு சிலர் மிகுதியாகப் பயன்படுத்துவதால் நெரிசல் உண்டாகிறது. மின்சாரத்தைப் போல இதற்கும் பயன்பாட்டின்படியே கட்டணம் வாங்க வேண்டும் என்றார்கள். ஆனால் இணையம் கிணற்று நீரன்று, இறைத்தால் வற்றுவதற்கு. அது பாலத்தை ஒத்தது. மாலையில் எல்லாரும் ஒரே வேளையில் கடக்கும்போதுதான் பாலம் நெரிகிறது. நள்ளிரவு கழிந்து மூன்று மணிக்கு ஒரு மாணவன் நூல்களை இறக்கிக்கொண்டால் யாருக்கு இடையூறு? மாதக் கணக்கோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். தவிரவும், பெல் நிறுவனமே தொலைக்காட்சிச் சேவையும் நடத்தி வந்தது. இணையத்தின் வழியே படம் காட்டும் நெட்பிளிக்ஸ் 2010 செப்டம்பரில்தான் கனடாவுக்குள் நுழைந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

கட்டணம் உயர்வது புதிதன்று. மலிவாகவும் வேறு விதமாகவும் விற்கும் உரிமையைப் போட்டியாளனிடமிருந்து பறித்ததே மக்களைச் சினமூட்டியது என்பது என் கருத்து. கம்பிக்கு உரியவனே அண்டைக் கடைக்காரனின் படியையும் செதுக்கிக் கொடுப்பதானால், அங்கே கடை இரண்டு இருந்தும் பயன் என்ன? 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். பிப்ரவரித் தொடக்கத்திலேயே தொழில்துறை அமைச்சர் டோனி கிளெமன்ட், ஆணையம் தன் தீர்ப்பை மாற்றாவிடில் அரசாங்கமே அதனை மாற்றும் என்று தெரிவித்தார். ஆணையம் பணிந்தது, தீர்ப்பை நிறுத்தி வைத்து, ஜூலையில் விசாரணை நடத்திற்று.

15-11-2011 அன்று புதிய தீர்ப்பு வந்தது. சிறு நிறுவனங்களிடம் கிகாபைட் கணக்கில் வசூலிக்கும் வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது. மாறாக, ஒரே சீரான கட்டணம் வாங்கலாம். அன்றேல், பாலத்தின் அகலத்தை விற்பது போல, வினாடிக்கு 100 மெகாபிட் என்னும் கூறுகளாகக் கொள்ளளவை முன்கூட்டியே விற்கலாம் என்றாயிற்று. இதனால் சிறு நிறுவனத்துக்கு ஒரு புதுத் தலைவலியும் சேர்ந்தது. குறைவாக வாங்கினால் மாலையில் வேகம் தளரும். மிகுதியாக வாங்கினால் கைநட்டம். ஆயினும் தன் வாடிக்கைக்காரனுக்கு எவ்வளவு என்பதை அதுவே தீர்மானிக்கலாம்.

பெரிய நிறுவனங்களின் சொந்த வரையறைகள் அத்தீர்ப்பால் ஒழிந்துவிடவில்லை. 2016 டிசம்பரில் அதே ஆணையம் அகலப்பட்டை இணையத்தை அடிப்படைச் சேவை என அறிவித்தபோது, வரையறையற்ற பயன்பாட்டைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் வீடுகளுக்கு இருத்தல் வேண்டும் என்று தன் இலக்குகளில் எழுதி வைத்தது.