தறியை விட்டு எழுந்த பிறகு

ஒரு நெசவாளர் எந்த வயதில் முதியவராகிறார்? 60 என்று நீங்கள் சொல்லக்கூடும். கைத்தறியைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். கால்கள் மிதியை மாறி மாறி மிதிக்க, கை நாடாவை ஓட்ட, கண் அறுந்த இழையைத் தேடுகிறது. 40 வயதையொட்டி விழிவில்லையின் நெகிழ்ச்சி குறைவதால் அருகிலுள்ள இழை மங்கத் தொடங்குகிறது. பிறகு முழங்காலும் முதுகும் தளர்கின்றன. நெய்த அளவுக்கே கூலி. ஆகவே உடலோடு வருமானமும் தேய்கிறது. தறியை விட்டு எழுந்தவர் தார் சுற்றும் ராட்டையின் முன் அமர்வார். திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லைப் பக்கமுள்ள அம்மையார்குப்பம் இத்தகைய நெசவாளர்களின் ஊர்.

நகரத்து ஆலைத் தொழிலாளியும் துணிதான் நெய்தார். ஆனால் அவருடைய முதுமைக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் முதலில் எடுத்துக்கொண்ட ஆறு தொழில்களுள் நெசவும் ஒன்று. எனினும் அது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த தொழிற்சாலைகளுக்கே உரியதாக இருந்தது. வீட்டுத் தறிக்கு அது எட்டவில்லை.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. சரியாக ஈராண்டு கழித்து, 1962 ஏப்ரல் 1 அன்று, ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கும் திட்டத்தை அம்மாநிலம் தொடங்கியது. உத்தரப் பிரதேசம் 1957-லேயே இதற்கு வழிகாட்டியிருந்தது. இத்திட்டத்தின் புதுமையைக் கவனியுங்கள். 'எந்த ஆலையில் வேலை செய்தாய்?' என்று அது கேட்கவில்லை. 'உனக்கு ஆதரவு உண்டா?' என்றே கேட்டது. பல்லாண்டுகள் அப்பணம் மணியார்டராகக் கிராமத்து வாசலுக்கே வந்தது. 1975-இல் கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கெனத் தனியே ஒரு சேமிப்புப் பாதுகாப்புத் திட்டமும் பிறந்தது. தனியாரிடம் கூலிக்கு நெய்தவர்கள் அதற்கும் வெளியே நின்றனர்.

நாடு முழுவதற்குமான முதியோர் ஓய்வூதியம் 1995-இல்தான் வந்தது. தமிழகத்தில் தொகை படிப்படியாக உயர்ந்து 2023-இல் 1,200 ரூபாயாயிற்று. இதற்கிடையே ஆயுளும் நீண்டுவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர்.

மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்க் கடை விலையில் அரிசி, பருப்பு, மருந்து, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். 1,200 ரூபாய் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிடுங்கள். மாதத்தின் எஞ்சிய நாட்களை ஒரு முதியவர் எவ்வாறு கழிக்கிறார் என்பதே நாம் இன்னும் விடை காணவேண்டிய கேள்வி.